வெடிச் சத்தமும் நம் வீட்டு நாயும்

(தீபாவளிக்கு முந்திய தோட்டக் கூட்டமொன்றில் சேமநல உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



தீபாவளிக்கு முந்திய கூட்டத்தில் நான் வழக்கமாக என்ன பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியும். அட்வான்ஸ் காசைப் பார்த்துச் செலவழியுங்கள், தவறணைப் பக்கம் கால் வைக்காதீர்கள், பிள்ளைகள் வெடி கொளுத்தும்போது பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வையுங்கள் என்றெல்லாம் சொல்வேன். அவற்றை இந்த வருஷமும் மறக்க வேண்டாம். ஆனால் இன்று வேறு ஒரு விஷயம் பேச வந்திருக்கிறேன். நம் லயங்களில் இருக்கும் நாய்களைப் பற்றியும், வெடிச் சத்தத்துக்கு அவை படும் பயத்தைப் பற்றியும் பேசப் போகிறேன்.

பின்னால் சில பேர் சிரிக்கிறீங்க. "மனுசர் பாடே பெரும்பாடா இருக்கு, வெல்பெயார் ஐயா நாய்க் கதை சொல்ல வந்துட்டாரு" என்று நினைக்கிறீங்க. பரவாயில்லை. கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். இது நாயின் கதை மட்டுமல்ல. நம் பிள்ளைகளின் கதையும் இதற்குள் இருக்கிறது.

நாய் நமக்கு என்ன செய்கிறது?

லயத்தில் நாய் வளர்ப்பது பங்களாவில் வளர்ப்பதைப் போல அல்ல. அதற்கு நாம் விலை கொடுத்து வாங்கிய தீனி போடுவதில்லை. நாம் சாப்பிட்ட மிச்சம்தான் அதற்குச் சாப்பாடு. ஆனாலும் அது செய்யும் வேலை கொஞ்சமில்லை. விடியற்காலை நீங்கள் பெரட்டுக்குப் போன பிறகு, காம்பராவில் தனியாக இருக்கும் வயதான அம்மாவுக்கு நாய்தான் துணை. மரக்கறித் தோட்டத்துக்குள் பன்றி புகுந்தால் முதலில் குரைப்பது அதுதான். லயத்துக் கோடியில் புலி வந்தால் நமக்கு முன்னால் மோப்பம் பிடிப்பதும் அதுதான். நாம் புலி என்று சொல்வது சிறுத்தையை. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டம் உண்டு என்பதும், அது லயத்து நாய்களைப் பிடித்துப் போகும் என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்படி நமக்குக் காவல் இருக்கும் பிராணியை, வருஷத்தில் சில நாட்கள் நாமே நடுநடுங்க வைக்கிறோம். தீபாவளி ஒன்று. டிசம்பர் 31ஆம் திகதி நடுச்சாமம் ஒன்று. சித்திரை வருஷப் பிறப்பு ஒன்று. அதோடு கோவில் திருவிழா, தேர், கலியாணம், தேர்தலில் வெற்றி, கிரிக்கெட்டில் வெற்றி, சில இடங்களில் சாவு வீடு. பன்றி விரட்டவும் வெடி போடுகிறோம். ரோட்டு வேலைக்குக் கல் உடைக்கும்போதும் வெடிதான்.

வானமும் சும்மா இருப்பதில்லை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும், மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் பின்னேரத்தில் இடி இடித்து மழை பெய்யும். அதாவது தீபாவளிக் காலமும் இடிக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. சித்திரை வருஷப் பிறப்பும் அப்படித்தான்.

நாய் ஏன் இவ்வளவு பயப்படுகிறது?

முதல் காரணம் அதன் காது. மனிதனுக்கு வினாடிக்கு 20,000 அதிர்வு வரையுள்ள சத்தம்தான் கேட்கும். நாய்க்குச் சுமார் 45,000 வரை கேட்கும். நமக்குக் கேட்காத மெல்லிய சத்தமும் அதற்குக் கேட்கும். நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு ஏறி வரும்போதே உங்கள் நாய் வாலை ஆட்டிக்கொண்டு எழும்புகிறது அல்லவா? அந்தக் காதுக்குப் பக்கத்தில்தான் சரவெடி கொளுத்துகிறோம். இந்தியாவில் 1999இல் ஒரு விதி போட்டார்கள். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீற்றர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் வரும் வெடிகளைச் செய்யவோ விற்கவோ கூடாது என்பது அந்த விதி. நாம் இருவர் சாதாரணமாகப் பேசும் சத்தம் 60 டெசிபல் அளவில்தான் இருக்கும். சட்டம் அனுமதிக்கும் வெடியே அவ்வளவு சத்தம் என்றால், நாய்க்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது காரணம், அதற்கு விஷயம் தெரியாது. இன்று தீபாவளி என்று நமக்குத் தெரியும். பையன் திரியில் நெருப்பு வைப்பதை நாம் பார்க்கிறோம், காதைப் பொத்திக்கொள்கிறோம், வெடித்ததும் சிரிக்கிறோம். நாய்க்குக் கலண்டர் தெரியாது. திடீரென்று பூமி வெடித்தது போல இருக்கும். எப்போது வரும், எத்தனை முறை வரும், எப்போது நிற்கும், ஒன்றும் தெரியாது. நம் இடத்தில் இன்னொன்றும் உண்டு. இந்த மலையில் போட்ட வெடி அந்த மலையில் முட்டித் திரும்பி வருகிறது. லயத்துத் தகரக் கூரையும் சேர்ந்து அதிர்கிறது. எந்தப் பக்கம் ஓடினால் தப்பலாம் என்று அந்தப் பிராணிக்கு விளங்காது.

மூன்றாவது, பயம் மனதில் தங்கிவிடும். ரஷ்யாவில் இவான் பவ்லோவ் என்று ஒரு பெரிய விஞ்ஞானி இருந்தார். நாய்களை வைத்துத்தான் அவர் ஆராய்ச்சி செய்தார். 1924ஆம் வருஷம் செப்டெம்பர் மாதம் லெனின்கிராட் நகரத்தில் பெரிய வெள்ளம் வந்தது. அவருடைய நாய்கள் இருந்த கூடுகளுக்குள்ளும் தண்ணீர் ஏறிவிட்டது. கழுத்தளவு தண்ணீரில் தத்தளித்த நாய்களை ஆட்கள் போய்க் காப்பாற்றினார்கள். உயிர் தப்பிய நாய்களில் சில அதற்குப் பிறகு பழைய மாதிரி இல்லை. நெடுநாள் கழித்தும், கதவுக்கடியில் கொஞ்சம் தண்ணீர் கசிந்து வந்தாலே நடுங்கின என்று எழுதி வைத்திருக்கிறார். நூறு வருஷத்துக்கு முந்திய செய்தி. நம் நாய்க்கும் அதே கதைதான். போன தீபாவளிக்குப் பக்கத்தில் வெடி விழுந்த நாய், இந்தத் தீபாவளிக்கு நெருப்புப் பெட்டி உரசும் சத்தத்துக்கே ஓடும். பிறகு இடிக்கும் ஓடும். கதவு அடித்துச் சாத்தினாலும் ஓடும். பயம் தானாகக் குறையாது, பல நாய்களுக்கு வருஷத்துக்கு வருஷம் கூடத்தான் செய்யும்.

எல்லா நாய்க்கும் ஒரே அளவு பயம் இராது. ஆனால் பயப்படும் நாய்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். இங்கிலாந்தில் நாய் வளர்ப்பவர்களிடம் "உங்கள் நாய் சத்தத்துக்குப் பயப்படுமா?" என்று கேட்டபோது, நாலில் ஒரு பங்கினர்தான் ஆமாம் என்றார்கள். பிறகு, "நடுங்குமா? ஒளியுமா? குரைக்குமா?" என்று ஒவ்வொன்றாக விசாரித்தபோது, கிட்டத்தட்டப் பாதி நாய்களுக்கு ஏதாவது ஓர் அடையாளம் இருந்தது. 2013இல் வெளியான ஆராய்ச்சி இது. வீட்டுக்காரர் கண்ணுக்கு முன்னால் நாய் பயப்படுகிறது, ஆனால் அது பயம் என்று அவருக்குத் தெரிவதில்லை.

பயத்தை அறிவது எப்படி?

நடுங்குவதும், வாலைக் காலுக்குள் இடுக்குவதும், காதைப் பின்னால் மடக்குவதும் எல்லோருக்கும் தெரியும். மற்ற அடையாளங்களைச் சொல்கிறேன். குளிர் நேரத்திலும் நாக்கைத் தொங்கப் போட்டு இளைக்கும். வாயில் நீர் வடியும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் நில்லாமல் உலாத்தும். கதவைப் பிறாண்டும். இருந்த இடத்திலேயே மூத்திரம் போகும். விருப்பமான சாப்பாட்டைப் போட்டாலும் திரும்பிப் பாராது.

சில நாய்கள் ஒரு சத்தமும் போடாமல் மூலையில் முடங்கிக் கிடக்கும். "நம்ம நாய் நல்ல நாய், பேசாம கெடக்குது" என்று சொல்வோம். அதுவும் பயம்தான். சில நாய்கள் வெடிச் சத்தத்தை நோக்கிக் குரைத்துப் பாயும். அதை வீரம் என்று நினைப்போம். அதுவும் பெரும்பாலும் பயமாகவே இருக்கும்.

இன்னொரு விஷயம். இத்தனை வருஷம் சும்மா இருந்த கிழட்டு நாய் திடீரென்று சத்தத்துக்குப் பயப்பட ஆரம்பித்தால், உடம்பில் எங்காவது வலி இருக்கக்கூடும். இடுப்பு வலி, மூட்டு வலி உள்ள நாய் சத்தத்தில் திடுக்கிட்டால் வலி கூடும். அதனால் பயமும் கூடும். அப்படியான நாயை மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பயந்த நாயால் வரும் ஆபத்து

நான் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். இடத்தையும் ஆட்களையும் சொல்ல மாட்டேன். ஒரு தோட்டத்தில், தீபாவளியன்று இரவு, இஸ்தோப்புத் தூணில் சங்கிலியால் ஒரு நாயைக் கட்டி வைத்திருந்தார்கள். வாசலில் சரவெடி. நாய் சங்கிலியை இழுத்து இழுத்துக் கழுத்தெல்லாம் புண். அந்த வீட்டுப் பையனுக்கு ஏழு வயது. நாயின் மேல் அவனுக்கு உயிர். பாவம் என்று ஓடிப்போய்க் கட்டிப் பிடித்தான். அந்த நேரத்தில் இன்னொரு வெடி. நாய் திரும்பிப் பையனின் கன்னத்தில் கடித்துவிட்டது. பையனை அந்த இரவிலேயே லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஊசி போடுவதற்கு அந்தத் தாய் பல தடவை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வந்தார். போன நாளெல்லாம் பேர் இல்லை. நாய் கழுத்துப் பட்டியை உருவிக்கொண்டு இருட்டில் ஓடிவிட்டது. மூன்றாம் நாள், கொழுந்தெடுக்கப் போனவர்கள் மலை ஓரத்தில் கண்டார்கள். பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் மாட்டிச் செத்துக் கிடந்தது.

அந்த நாய் அதுவரை ஒருவரையும் கடித்ததில்லை. அந்தக் குடும்பமும் கெட்ட குடும்பமல்ல. நாயை அன்பாகத்தான் வளர்த்தார்கள். வெடி நேரத்தில் நாயை எங்கே வைக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சுருக்குக் கம்பியைப் பற்றி நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 2020ஆம் வருஷம் மே மாதம் 26ஆம் திகதி, நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டியது. உயிரோடு மீட்டு உடவலவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும், மூன்று நாளில் செத்துப்போனது. நாடு முழுக்கப் பேசிய செய்தி அது. அவ்வளவு பலமுள்ள சிறுத்தையே தப்பவில்லை என்றால், இருட்டில் கண்மூடித்தனமாக ஓடும் லயத்து நாய் எப்படித் தப்பும்? கம்பியில் தப்பினால் சிறுத்தை வாயில் விழும், அதிலும் தப்பினால் ரோட்டில் வாகனத்தில் அடிபடும்.

நாய்க்கடி என்றால் விசர்நாய்க்கடி நோயையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். 1973இல் இலங்கையில் 377 பேர் இந்த நோயால் செத்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போடப் போட அந்தத் தொகை வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் நோய் இன்னும் ஒழியவில்லை. நோய்க் குணம் தோன்றிய பிறகு ஆளைக் காப்பாற்ற மருந்து இல்லை என்றே சொல்ல வேண்டும். வருமுன் காப்பதுதான் வழி.

செய்யக் கூடாதவை

முதலாவது, வெடி நேரத்தில் நாயை வெளியில் கட்டி வைக்காதீர்கள். பயந்த பிராணி ஓடப் பார்க்கும். ஓட முடியாவிட்டால் கடிக்கும்.

இரண்டாவது, அடிக்காதீர்கள், ஏசாதீர்கள். பயத்தில் மூத்திரம் போன நாயை விளக்குமாற்றால் அடித்தால், அடுத்த முறை அதற்கு வெடிக்கும் பயம், உங்களுக்கும் பயம்.

மூன்றாவது, "பழகட்டும்" என்று சத்தத்துக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நீச்சல் தெரியாதவனை ஆற்றில் தள்ளினால் அவன் நீச்சலா பழகுவான்?

நான்காவது, இது தம்பிமாருக்கு. நாயின் வாலில் டின் கட்டுவது, வெடி கட்டுவது, படுத்திருக்கும் நாயின் மேல் வெடி எறிவது, இதெல்லாம் விளையாட்டு அல்ல. மிருகவதையைக் குற்றமாக்கி இந்த நாட்டில் 1907ஆம் வருஷமே சட்டம் வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள். உங்கள் அம்மாவுக்கு அந்தச் சூடு பட்டால் சும்மா இருப்பீர்களா? வாயில்லாச் சீவன் யாரிடம் போய் முறையிடும்?

ஐந்தாவது, நாய்க்குச் சாராயமோ கசிப்போ ஊற்றாதீர்கள். நாம் போடும் தூக்க மாத்திரை, பனடோல் ஒன்றும் கொடுக்காதீர்கள். நமக்கு நல்லது செய்யும் மாத்திரை நாயைக் கொன்றுவிடலாம். பயத்தைக் குறைக்க மிருக வைத்தியர் தரும் மருந்துகள் உண்டு. அதிகமாகப் பயப்படும் நாய்க்கு அவரைக் கேட்டு, அவர் சொன்ன அளவில் மட்டும் கொடுக்க வேண்டும். அதையும் தீபாவளிக்கு முதல் நாள் ஓடிப்போய்க் கேட்கக் கூடாது, முன்கூட்டியே கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

இனிச் செய்யக் கூடியவற்றைச் சொல்கிறேன். எல்லாம் காசு செலவில்லாதவை.

இன்றைக்கே நாய்க்கு ஓர் ஒளிவிடம் ஏற்பாடு செய்யுங்கள். காம்பராவுக்குள் விடுபவர்கள் கட்டிலுக்கடியில் ஒரு சாக்கை விரித்து, பழைய கம்பளித் துண்டு ஒன்றைப் போடுங்கள். பண்டிகை நாளில் வீட்டுக்குள் நாய் வரக்கூடாது என்று நினைக்கும் குடும்பங்களும் உண்டு. அதை நான் குறை சொல்லவில்லை. அப்படியானால் விறகு மடுவத்தில், அல்லது பின்பக்கச் சாய்ப்பில், நாலு பக்கமும் படங்கு கட்டி இருட்டாக்கிக் கொடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். ஒரு வாரத்துக்கு முன்பே அந்த இடத்தில் வைத்துச் சாப்பாடு போட்டுப் பழக்குங்கள். வெடியன்று புதிதாகக் கொண்டுபோய்ப் பூட்டினால் அது சிறைச்சாலை என்றுதான் நினைக்கும்.

தீபாவளியன்று, வெளிச்சம் இருக்கும்போதே நாயை ஒரு நடை கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். வெளிக்குப் போகும் வேலையெல்லாம் அப்போதே முடிந்துவிடும். இருட்டுவதற்கு முன் சாப்பாடு போடுங்கள். குடிக்கத் தண்ணீர் வையுங்கள். பிறகு உள்ளே விட்டுக் கதவைச் சாத்துங்கள். ஜன்னலுக்கு ஒரு சேலையைக் கட்டினால் வெடி மின்னும் வெளிச்சம் தெரியாது. ரேடியோவையோ டீவியையோ வழக்கமான சத்தத்தில் போட்டு வைத்தால் வெளிச் சத்தம் கொஞ்சம் மங்கும். நாய்க்குக் காப்பு நீங்கள் காட்டும் இடம்தான் என்றில்லை. தானாகப் போய் ஒரு மூலையில் ஒளிந்தால் அங்கேயே விடுங்கள், இழுத்து வெளியே எடுக்காதீர்கள்.

வீட்டில் ஒருவர் நாய்க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. பாட்டியோ தாத்தாவோ இருந்தால் போதும். "பயப்படும்போது தடவிக் கொடுத்தால் பயம் இன்னும் கூடும்" என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல. பயம் என்பது நாய் பிடிக்கும் அடம் அல்ல, நாம் அன்பு காட்டினால் வளர்வதற்கு. நாய் தானாக உங்களிடம் வந்தால், நிதானமாகத் தடவிக் கொடுங்கள், மெதுவாகப் பேசுங்கள். வரவில்லை என்றால் தொடாதீர்கள். சின்னப் பிள்ளைகளை அந்த நேரத்தில் நாயைக் கட்டிப் பிடிக்க விடவே கூடாது. நான் சொன்ன பையனின் கதையை நினைவில் வையுங்கள்.

இனி எல்லாவற்றிலும் பலனுள்ள ஒரு வேலை. ஒவ்வொரு வெடிச் சத்தத்துக்கும் பிறகு, உடனே, நாய்க்கு மிகவும் விருப்பமான ஒரு துண்டு கொடுங்கள். கருவாட்டுத் தலை, ரொட்டித் துண்டு, இறைச்சி எலும்பில் ஒட்டிய சதை, எதுவானாலும் சரி. சத்தம் முதல், தீனி அடுத்தது. அந்த ஒழுங்கு மாறக் கூடாது. நாளடைவில் "சத்தம் வந்தால் நல்லது வரும்" என்று அது படிக்கும். சுவிட்சர்லாந்தில் பேர்ண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபானி ரீமர் என்ற ஆராய்ச்சியாளர், நாய் வளர்க்கும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் விசாரித்து 2020இல் முடிவை வெளியிட்டார். சத்தம் கேட்டதும் தீனி கொடுத்தோ விளையாட்டுக் காட்டியோ பழக்கியவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் பலன் கண்டதாகச் சொன்னார்கள். கருவாட்டுத் தலைக்கு இவ்வளவு சக்தி இருக்கிறது.

தீபாவளிக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. அதில் வெடிச் சத்தம், இடிச் சத்தம் எடுத்துக்கொள்ளலாம். நாய் தலை தூக்கிப் பார்க்கும் அளவுக்கு மட்டும், மிக மெல்லிய சத்தத்தில் போடுங்கள். உடனே ஒரு துண்டு தீனி. ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் போதும். சில நாள் கழித்துச் சத்தத்தை ஒரு துளி கூட்டுங்கள். நாய் சாப்பிட மறுத்தாலோ, நடுங்கினாலோ, கூட்டியது அதிகம் என்று அர்த்தம். குறைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டால் காரியம் கெடும். ஒரு தீபாவளிக்குள் முழுதாகக் குணமாகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வருஷப் பிறப்புக்கு முன் நல்ல வித்தியாசம் தெரியும்.

குட்டி வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம். பிறந்து மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை குட்டி எதைக் கேட்டுப் பழகுகிறதோ, அதற்குப் பிற்காலத்தில் அவ்வளவாகப் பயப்படாது. அந்த வயதில் தட்டு விழும் சத்தம், தப்புச் சத்தம், லொறிச் சத்தம் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து மெல்ல மெல்லக் கேட்க விடுங்கள். பயமுறுத்தாமல் பழக்க வேண்டும். வெடியை மட்டும் அதன் பக்கத்தில் போடாதீர்கள்.

ஓடிவிட்டால், கடித்துவிட்டால்

நாய் ஓடிவிட்டால், இருட்டில் கூட்டமாகக் கத்திக்கொண்டு துரத்தாதீர்கள். துரத்தினால் இன்னும் தூரம் போகும். வெடி ஓய்ந்த பிறகு, வீட்டு வாசலில் அதன் சாக்கையும் தீனியையும் வையுங்கள். பல நாய்கள் விடியும் முன் தாமாகத் திரும்பி வரும். வராவிட்டால், விடிந்ததும் அது பழகிய ஒருவர் மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போக வேண்டும். கான்களிலும், பாலத்துக்கடியிலும், தேயிலைச் செடிக்கடியிலும் பாருங்கள். பக்கத்து டிவிஷனுக்கும் சொல்லி அனுப்புங்கள். கழுத்தில் ஒரு பட்டி கட்டி, அதில் உங்கள் போன் நம்பரை அழியாத பேனையால் எழுதி வைத்தால், கண்டவர்கள் சொல்ல வசதி. சுருக்குக் கம்பி வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பன்றிக்கு என்று வைக்கிறீர்கள். மாட்டுவது நம் நாயாகவும் இருக்கலாம், சிறுத்தையாகவும் இருக்கலாம்.

நாய் கடித்துவிட்டால், வீட்டு நாயானாலும் சரி, சிறு கீறலானாலும் சரி, முதலில் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் காயத்தைக் கழுவுங்கள். பீலிக்குக் கீழே பிடித்தாலும் போதும். மிளகாய்த் தூள், கோப்பித் தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். கழுவியதும் அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மந்திரிப்பதென்றால் ஊசி போட்டு வந்த பிறகு மந்திரியுங்கள். கடித்த நாயை உடனே அடித்துக் கொல்லாதீர்கள். பத்திரமாகக் கட்டி வைத்து 14 நாள் கவனிக்க வேண்டும். அதற்கு என்ன ஆகிறது என்பதைப் பார்த்துத்தான் டாக்டர் வைத்தியத்தை முடிவு செய்வார். நாய்க்கு வருஷா வருஷம் விசர்நாய்த் தடுப்பூசி போட்ட அட்டை உங்கள் கையில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அட்டை இல்லாதவர்கள் இந்தக் கிழமையே என்னிடம் பேர் கொடுங்கள். பீ.எச்.ஐ. ஐயாவுடனும் மிருக வைத்திய அலுவலகத்துடனும் பேசி ஒரு நாள் ஏற்பாடு செய்வோம்.

லயம் முழுவதும் சேர்ந்தால்

இவ்வளவும் ஒரு வீட்டுக்காரர் செய்யக் கூடியவை. ஆனால் லயத்தில் ஒரு சுவர்தான் இரண்டு வீட்டுக்கும். நான் நாயைக் காம்பராவுக்குள் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் நடுச்சாமம் வரை யானை வெடி போட்டால் பலன் என்ன? ஆகவே இது லயம் முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம்.

நம்மில் பலருடைய பாட்டன், பூட்டன் ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அந்தப் பழைய ராமநாதபுரம் சீமையில், இன்றைய சிவகங்கை மாவட்டத்தில், கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு கிராமம் இருக்கிறது. பக்கத்தில் வேட்டங்குடிக் கண்மாய். 1977இல் அதைப் பறவைகள் சரணாலயமாக்கினார்கள். தீபாவளிக் காலத்தில்தான் அங்கே தூர தேசத்துப் பறவைகள் வந்து இறங்கும். பறவைகள் பயந்து போய்விடும் என்பதற்காக அந்த ஊர் மக்கள் பல பத்து வருஷங்களாகத் தீபாவளிக்கு வெடி போடுவதே இல்லை. அவர்களும் தமிழர்தான், அவர்களுக்கும் தீபாவளிதான். புது உடுப்பு உண்டு, பலகாரம் உண்டு, கோவில் உண்டு. வெடி மட்டும் இல்லை. தமிழ்நாடு முழுவதற்கும் கூட, இந்திய உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பிறகு, 2018இல் அரசாங்கம் நேரம் குறித்தது. காலை 6 மணியிலிருந்து 7 மணி வரை, இரவு 7 மணியிலிருந்து 8 மணி வரை. அந்த நேரத்தில் மட்டும் வெடிக்கலாம்.

நான் உங்களை வெடியே போடாதீர்கள் என்று கேட்கவில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் பிள்ளைகள் சந்தோஷப்படட்டும். ஒரு நேரமும் ஓர் இடமும் குறித்துக்கொள்வோம் என்றுதான் கேட்கிறேன். இடத்துக்கு நம் விளையாட்டு மைதானம் இருக்கிறது. நேரத்துக்கு இரவு 7 மணியிலிருந்து 8 மணி வரை வைத்துக்கொள்ளலாம். லயத்து வாசலில், இஸ்தோப்பில், தகரத்துக்கடியில் வெடி வேண்டாம். சத்தம் பெரிதான யானை வெடியைக் குறைத்து, மத்தாப்பு, பூவாணம் அதிகம் வாங்குங்கள். நேரம் தெரிந்தால் நாய் வைத்திருப்பவர் நாயை உள்ளே விடுவார். கைக்குழந்தை வைத்திருப்பவர் குழந்தையைத் தூக்கிக்கொள்வார். நெஞ்சு வருத்தக்காரர் கதவைச் சாத்திக்கொள்வார். நாய்க்கு என்று செய்யும் ஏற்பாடு மனிதருக்கும் உதவும். மைதானத்தில் வெடி போட்டால் கூரையில் நெருப்புப் பிடிக்கும் என்ற பயமும் இல்லை. வரிசை லயத்தில் ஒரு காம்பராவில் நெருப்புப் பிடித்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

வாலிபர் சங்கத்துத் தம்பிமார் மைதானப் பொறுப்பை எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாதர் சங்கத்து அக்காமார் லயத்துக்கு ஒருவராக வீடு வீடாகப் போய் நேரத்தைச் சொல்ல வேண்டும். தலைவர்மார் இந்தக் கூட்டம் கலைவதற்கு முன் இதை ஒரு தீர்மானமாக எடுத்தால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன்.

பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒரு வேலை தருகிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் நாய்க்கு ஒளிவிடம் எங்கே என்று பார்த்து, சாக்கு விரித்து வையுங்கள். நாளைக்கு நான் லயத்துப் பக்கம் வருவேன். யார் வீட்டில் சாக்கு விரித்திருக்கிறது என்று பார்ப்பேன்.

உங்கள் அனைவருக்கும் என் தீபாவளி வாழ்த்துகள்.